அலுமினியப் படகில் அரிப்பு: ஏற்காடு, சேலம், மேட்டூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலிருந்து கடல் வெகு தொலைவு. அதனாலேயே இங்கே அலுமினியப் படகு வைத்திருப்பவர்கள் அரிப்பைப் பற்றி யோசிப்பதில்லை. உப்புத் தண்ணீர் இல்லாத ஊரில் என்ன ஆகிவிடும் என்று இருந்துவிடுகிறார்கள். பிறகு ஒரு நாள் படகைக் கவிழ்த்துப் பார்த்தால் அடித்தட்டு முழுக்க வெள்ளை மேடுகள், அவற்றின் அடியில் ஊசி நுழையும் துளைகள். சேர்வராயன் மலைத் தோட்டக் குளங்களில் கிடக்கும் சிறு படகுகளும், மேட்டூர் நீர்த்தேக்கத்தில் ஓடும் எஞ்சின் படகுகளும் எங்கள் பட்டறைக்கு வரும்போது கூடவே வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பதில்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். வெறும் தண்ணீர் அலுமினியத்தை அவ்வளவு எளிதில் தின்பதில்லை. அதன்மேல் கிடப்பதும், அதைத் தொட்டுக்கொண்டிருப்பதும்தான் தின்கின்றன. அது எது என்று கண்டுபிடிக்காமல் ஓட்டையை மட்டும் அடைப்பது வீண் செலவு.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று சொல்லித்தானே விற்றார்கள்? இந்த வெள்ளைப் பொடி எங்கிருந்து வருகிறது?

விற்றவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். அலுமினியத்தின் மேல் எப்போதும் ஓர் ஆக்சைடு படலம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது, சில நானோமீட்டர் தடிமன்தான். கீறல் விழுந்தால் காற்றுப்பட்ட நொடியிலேயே திரும்பப் படிந்துவிடும். இந்தப் படலம் இருக்கும்வரை உள்ளே இருக்கும் உலோகம் பத்திரமாக இருக்கும். தண்ணீர் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று காட்டும் பி.எச். அளவு ஏறத்தாழ 4 முதல் 8.5 வரை இருந்தால் படலத்துக்கு ஆபத்தில்லை. அதைவிட அமிலமானாலும் சரி, காரமானாலும் சரி, படலம் கரையத் தொடங்கும். இரண்டு பக்கமும் பலவீனம் உள்ள உலோகம் இது. காரத்தால் வரும் கேட்டைத்தான் நம் ஊரில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

படலம் ஓர் இடத்தில் உடைந்து, அங்கே அது திரும்பப் படிய முடியாமல் ஏதோ தடுத்தால், அந்த இடத்து உலோகம் தண்ணீரோடு சேர்ந்து அலுமினியம் ஹைட்ராக்சைடு ஆகிறது. அதுதான் நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பொடி. ஈரமாக இருக்கும்போது கஞ்சிப் பசைபோல் வழவழக்கும். சேர்வராயன் மலை உச்சிகளில் இருக்கும், அலுமினியத் தாதுவான பாக்சைட் மண்ணின் முக்கியப் பொருளும் அலுமினியம் ஹைட்ராக்சைடுதான். ஏற்காட்டிலிருந்து வெட்டிய பாக்சைட்டை மேட்டூருக்குக் கொண்டுபோய், ஏராளமான மின்சாரம் செலவழித்து உலோகமாக மாற்றிய ஆலை நம் மாவட்டத்திலேயே இயங்கியது. அத்தனை பாடுபட்டுப் பிரித்த உலோகம், இடம் கொடுத்தால் மறுபடி மண்ணாகப் பார்க்கிறது. நம் வேலை அதற்கு இடம் கொடுக்காமல் இருப்பது.

படகு முழுவதும் மங்கிப்போய்ச் சாம்பல் நிறமாகிவிட்டது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். சீராக மங்கியிருந்தால் அது படலம் தடித்திருப்பதன் அடையாளம், நல்லதும்கூட. பளபளப்பு வேண்டும் என்று தேய்த்து எடுக்காதீர்கள்.

பயப்பட வேண்டியது திட்டுத் திட்டாக எழும்பும் வெள்ளை மேடுகளுக்குத்தான். பட்டாணி அளவு மேட்டைச் சுரண்டினால் அடியில் கறுத்த குழி இருக்கும். சொத்தைப் பல்லைப் போல, வாய் சிறியது, உள்ளே பெரியது. கூர்மையான மரக்குச்சியை விட்டுப் பாருங்கள். எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதுதான் முக்கியம். எத்தனை குழி என்பது அடுத்த கேள்வி. படகின் வெளிப்புறத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். பாதிக்கு மேற்பட்ட துளைகள் உள்ளிருந்து வெளியே வருபவை. மிதிபலகைக்கு அடியில், இருக்கை நுரைக்கு அடியில், நனைந்த கம்பளத்துக்கு அடியில்தான் அவை பிறக்கின்றன.

ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்டத்துக் குளத்தில் மழைத்தண்ணீர் மட்டும்தான். உப்பே இல்லை. ஆனாலும் சில ஆண்டுகளிலேயே படகு பொத்தலாகிவிட்டது. எப்படி?

எனக்கு மிக அதிகமாக வருத்தம் தரும் கேள்வி இது. காரணம் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, அதைத் தவிர்ப்பதும் எளிது.

காபிச் செடியின் இலைத்துரு நோய்க்கும், மிளகுக்கொடியின் வாடல் நோய்க்கும் மழைக்கு முன்னும் பின்னும் போர்டோ கலவை தெளிக்கிறீர்கள். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். மயில்துத்தம் என்றால் தாமிர சல்பேட். தாமிரம் கரைந்த தண்ணீர் அலுமினியத்தின் மேல் பட்டால், தாமிரம் உலோகமாகத் திரும்பி அங்கேயே புள்ளி புள்ளியாகப் படிகிறது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்ன மின்கலம். தாமிரம் அப்படியே இருக்கும். பக்கத்தில் உள்ள அலுமினியம் கரைந்துகொண்டே போகும். இதற்குக் கைநிறையத் தாமிரம் தேவையில்லை. தண்ணீரில் மிகச் சொற்ப அளவு தாமிரம், கொஞ்சம் குளோரைடு, கொஞ்சம் பைகார்பனேட், இந்த மூன்றும் சேர்ந்தால் நல்ல தண்ணீரிலும் அலுமினியத்தில் குழி விழும். மழைத்தண்ணீரானாலும் மண்ணில் ஊறி வரும்போது பின்னவை இரண்டும் கொஞ்சம் சேர்ந்துவிடும். தாமிரத்தைச் சேர்ப்பது நாம்தான்.

தோட்டத்தில் அது படகுக்கு வந்து சேரும் வழிகள் பல. கலவை கலக்கும் தொட்டி குளத்துக்கு மேட்டில் இருக்கும். கழுவிய தண்ணீர் குளத்தில் இறங்கும். தெளிப்பான்களையும் மயில்துத்த மூட்டையையும் அக்கரைக்குக் கொண்டுபோக இதே படகைத்தான் பயன்படுத்துவார்கள். இன்னும் மோசம், பாசியைக் கொல்லக் குளத்திலேயே மயில்துத்தம் போடுவது. அது மீனுக்கும் நல்லதல்ல, படகுக்கு நஞ்சு.

தெளிப்பதை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. செடியைக் காப்பாற்ற அது வேண்டும். கலவைத் தொட்டியைக் குளத்துச் சரிவிலிருந்து விலக்கி வையுங்கள். தெளிக்கும் நாட்களில் படகைக் கரையேற்றிக் கவிழ்த்து மூடி வையுங்கள். குளத்தில் மயில்துத்தம் போட்டே ஆக வேண்டும் என்றால், தண்ணீர் நன்றாக மாறும்வரை படகை இறக்காதீர்கள். படகின் உள்ளே நீலம் பூத்த கறையோ, செம்பு நிறப் புள்ளியோ தெரிந்தால் அதைத் தேய்த்து முழுதாக எடுத்த பிறகுதான் மற்ற வேலை. தாமிரத்தை உள்ளே விட்டுவிட்டு மேலே பெயின்ட் அடித்தால், பெயின்ட்டுக்கு அடியில் அது தன் வேலையைத் தொடரும்.

மழைக்காலத்தில் படகைக் கொட்டகையில்தான் வைக்கிறோம். அங்கேயும் அரிக்கிறதே?

கொட்டகையில் வேறென்ன இருக்கிறது என்று பாருங்கள். பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. சாக்கிலிருந்து சிந்தியது காற்றின் ஈரத்தில் கசிந்து படகின் உள்ளே தேங்கினால் அது உப்புநீர்தான். ஏற்காட்டு மூடுபனிக் காலத்தில் இதற்கு மழைகூடத் தேவையில்லை. காலிப் படகு என்பதால் உர மூட்டையை அதற்குள்ளேயே அடுக்கி வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

சுண்ணாம்பு மூட்டை, சிமென்ட் மூட்டை, அடுப்புச் சாம்பல் மூன்றும் நனைந்தால் காரம். புதிதாகப் போட்ட சிமென்ட் தரையில் படகை நேரடியாக வைப்பதும் அதே கதை. மரக்கட்டைகளின் மேல், கவிழ்த்து, காற்று ஓடும்படி வைக்க வேண்டும். கட்டை பச்சை நிற மருந்து ஏற்றிய மரமாக இருக்கக் கூடாது. அந்த மருந்திலும் பெரும்பாலும் தாமிரம்தான். தார்ப்பாயைப் படகோடு ஒட்டி இறுகக் கட்டாதீர்கள். உள்ளே வியர்த்த ஈரம் வெளியேறாது.

மேட்டூரில் தண்ணீர் இறங்கும்போது படகு சேற்றில் உட்கார்ந்துவிடுகிறது. அதனால் கெடுமா?

கெடும். அணையின் நீர்மட்டம் 120 அடியிலிருந்து எவ்வளவு கீழே இறங்கும், எவ்வளவு வேகமாக ஏறும் என்பது அங்கே தொழில் செய்பவர்களுக்குத் தெரியும். கரையில் விட்ட படகு வண்டல்மேல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஈர வண்டல் தட்டோடு அப்பிக்கொள்ளும்போது அந்த இடத்துக்குக் காற்று போகாது, படலம் புதுப்பிக்கப்படாது. சுற்றிலும் காற்றுப்படும் உலோகத்துக்கும், சேற்றின் அடியில் மூச்சடைத்துக் கிடக்கும் உலோகத்துக்கும் இடையே மின்வேறுபாடு உண்டாகி, அடைபட்ட இடம் அரிக்கும். நனைந்த கோணிச்சாக்கு, இலைக்குப்பை, டிரெய்லரின் கட்டையில் ஒட்டிய கம்பளம் எல்லாமே இதே வேலையைச் செய்யும். இரண்டு கட்டைகளை அடியில் கொடுத்துத் தூக்கி வைத்து, சேற்றைக் காய்வதற்கு முன் அடித்துக் கழுவிவிட்டால் போதும். பரிசல்காரர்கள் தங்கள் பரிசலைக் கரையில் கவிழ்த்துச் சாய்த்து வைக்கிறார்கள். அந்தப் பழக்கம் அலுமினியப் படகுக்கும் அப்படியே பொருந்தும்.

எல்லா போல்ட்டையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றிவிட்டேன். இனிக் கவலை இல்லைதானே?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் பெயர்போன உருக்காலை இருக்கும் ஊர் சேலம். அந்த உலோகத்தின்மேல் நமக்கு நம்பிக்கை அதிகம். போல்ட் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால், மின்வரிசையில், அதாவது எளிதில் கரையாத உலோகத்தை மேலேயும் எளிதில் கரைவதைக் கீழேயும் வைத்த பட்டியலில், கீழே இருப்பதுதான் கரையும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியமும் சேர்ந்தால் கரைவது அலுமினியம்.

இதில் பரப்பளவுக் கணக்கு ஒன்று இருக்கிறது. பெரிய அலுமினியத் தட்டில் சின்ன ஸ்டெயின்லெஸ் போல்ட் என்றால், நல்ல தண்ணீரில், பாதிப்பு போல்ட்டைச் சுற்றிச் சில மில்லிமீட்டரோடு நிற்கும். தலைகீழாக, பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டை அலுமினிய ரிவிட்டால் அடித்தால் ரிவிட்டுகள் சீக்கிரமே தலை கழன்றுவிடும். முதல் வகையைத் தாங்கலாம், இரண்டாவதைச் செய்யவே கூடாது. முதல் வகையிலும் போல்ட்டுக்கு நைலான் வாஷரும் நைலான் உறையும் கொடுத்து, துளையில் பாலியூரித்தேன் சீலன்ட் தடவித்தான் முறுக்க வேண்டும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் சீலன்ட் வேண்டாம்; அது இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது.

பித்தளை, வெண்கலம், செம்பு எதையும் படகின் உடலோடு நேரடியாகச் சேர்க்காதீர்கள். தண்ணீர் இறைக்கச் செம்புச் சொம்பையும் பித்தளைப் பாத்திரத்தையும் படகிலேயே போட்டு வைக்கும் வழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். உள் அடியில் விழுந்த செம்புக் கம்பித் துண்டு ஒன்று தண்ணீரில் கிடந்தே தன் வடிவத்தில் குழி தோண்டிவிடும். பாதரசம் எல்லாவற்றிலும் கொடியது. உடைந்த தெர்மாமீட்டரின் ஒரு துளி, தட்டின்மேல் படலத்தைக் குலைத்து உலோகத்தோடு கலந்து உள்ளே தின்றுகொண்டே போகும். விமானங்களில் பாதரசத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதே இதனால்தான். பழைய தானியங்கி நீரிறைப்பு சுவிட்சுகள் சிலவற்றிலும் பாதரசம் உண்டு, இருந்தால் மாற்றிவிடுங்கள்.

பேட்டரியில் ஓடும் மோட்டார் மாட்டிய பிறகு அரிப்பு வேகமாகிவிட்டது. மோட்டாருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிச்சயம் உண்டு, உடனே பார்க்க வேண்டியதும் இதுதான். இதுவரை சொன்னவை எல்லாம் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நடப்பவை. வழிதவறிய மின்னோட்டம் சில நாட்களிலேயே தட்டைத் துளைத்துவிடும். உறை கிழிந்த பாசிட்டிவ் ஒயர் உள் அடித்தண்ணீரில் நனைந்து கிடந்தால், மின்சாரம் தட்டுக்குள் புகுந்து வெளித்தண்ணீர் வழியாக வெளியேறும். அது வெளியேறும் இடத்தில் அலுமினியம் கரையும்.

சோதிப்பது எளிது. பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றிவிட்டு, சுவிட்சுகளை எல்லாம் போட்டு, மல்டிமீட்டரை மின்தடை அளவில் வைத்து, பாசிட்டிவ் ஒயருக்கும் படகின் உடலுக்கும் இடையே பாருங்கள். மின்மோட்டார் மட்டும் உள்ள படகில் தொடர்பே இருக்கக் கூடாது. பிறகு நெகட்டிவ் ஒயரையும் அப்படியே பாருங்கள். அதிலும் தொடர்பு இருக்கக் கூடாது. பெட்ரோல் அவுட்போர்டு எஞ்சின் இருந்தால் நெகட்டிவ் முனை எஞ்சின் உடல் வழியாகப் படகைத் தொட்டிருப்பது வழக்கம். அங்கே நீங்கள் உறுதி செய்ய வேண்டியது, விளக்கும் பம்பும் படகின் உடலைத் திரும்பும் வழியாகப் பயன்படுத்தவில்லை என்பதை. காரில் பாடியை நெகட்டிவாக எடுப்பதுபோல் படகில் எடுக்கும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். கார் வேலை தெரிந்தவர் என்பதற்காகப் படகு ஒயரிங்கைக் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வோர் இணைப்புக்கும் தனியாக இரண்டு ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், எல்லா ஒயரும் தண்ணீர் தேங்கும் மட்டத்துக்கு மேலே. வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து சார்ஜ் செய்யுங்கள். குளத்தில் மிதக்கும் படகுக்கு வீட்டு மின்சாரத்தில் ஒயர் இழுப்பது படகுக்கு மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து.

எதைக் கொண்டு கழுவுவது? சாம்பலும் தேங்காய் நாரும் போதுமா?

நார் போதும், சாம்பல் வேண்டாம். சலவை சோடா, காஸ்டிக் சோடா, பாத்ரூம் ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதுவும் வேண்டாம். காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைப்பதோடு ஹைட்ரஜன் வாயுவையும் வெளியேற்றும். மூடிய இடத்தில் தீப்பிடிக்கும். மிதமான பாத்திரம் கழுவும் சோப்புத் திரவமும் தண்ணீரும் அன்றாடத்துக்குப் போதும். வெள்ளைப் பொடியும் கறையும் போகாத இடத்தில் புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ தடவிச் சில நிமிடங்களில் நன்றாகக் கழுவிவிடலாம். பெரிய வேலைக்கு, அலுமினியத்துக்கென்றே விற்கும் பாஸ்பாரிக் அமிலக் கழுவிகள் உண்டு; கையுறையும் கண்ணாடியும் அணிந்து, சொன்ன நேரத்துக்குமேல் விடாமல் பயன்படுத்துங்கள். பேட்டரி அமிலம் சிந்தினால் சமையல் சோடாக் கரைசலால் தணித்து, அந்தச் சோடாவும் தங்காமல் கழுவ வேண்டும்.

தேய்க்க நைலான் தேய்ப்பான், அலுமினியம் ஆக்சைடு உப்புத்தாள், அல்லது இரும்பைத் தொடாத புது ஸ்டெயின்லெஸ் கம்பி பிரஷ். இரும்புக் கம்பி பிரஷ்ஷும் இரும்பு நாரும் தங்கள் துகள்களைத் தட்டில் பதித்துவிட்டுப் போகும். மறுமழையில் அவை துருவாகி, அடியில் குழி தோண்டும். கேட், கிரில் செய்யும் பட்டறையில் படகைக் கொடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள். பக்கத்தில் கிரைண்டர் ஓடினால் அந்தத் தீப்பொறி முழுக்க இரும்பு. படகை ஒதுக்கி, மூடி வைக்கச் சொல்லுங்கள்.

குழிகளை எம்-சீல் வைத்து அடைத்தால் போதாதா? எப்போது வெல்டிங் செய்ய வேண்டும்?

ஏரி நடுவில் ஒழுகினால் எம்-சீல் வைத்துக் கரைக்கு வாருங்கள். அது கரைக்கு வருவதற்கான வைத்தியம்.

முதலில் எங்கெல்லாம் ஒழுகுகிறது என்று தெரிய வேண்டும். படகைக் கட்டைகளின் மேல் நிமிர்த்தி வைத்து, உள்ளே சில சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றி, வெளியே கசியும் ஒவ்வொரு புள்ளியிலும் மார்க்கர் பேனாவால் வட்டம் போடுங்கள். தாங்கு கட்டைகளை நெருக்கமாகக் கொடுங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீரே பத்து கிலோ.

ஆழத்தை வைத்து முடிவு செய்கிறேன். தட்டின் தடிமனில் கால் பங்குக்குள் நிற்கும் குழிகளுக்கு எபாக்சி, அதாவது இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின், போதும். பாதியைத் தாண்டியவற்றுக்கும், துளைத்துவிட்டவற்றுக்கும் ஒட்டுத்தகடோ வெல்டிங்கோ வேண்டும். இடைப்பட்டவற்றில், ஒன்றிரண்டாகத் தனித்தனியாக இருந்தால் எபாக்சி. கும்பலாக இருந்தால் தகடு.

எபாக்சி பிடிக்காமல் உரிந்து வருகிறது என்று குறை சொல்பவர்கள் அதிகம். தேய்த்த அலுமினியத்தில் ஆக்சைடு உடனே திரும்பிவிடுவதுதான் காரணம். இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. குழியைப் பளிச்சென்று சுத்தம் செய்து, அசிட்டோன் துணியால் துடைத்து உலரவிட்டு, நிரப்புப்பொடி கலக்காத எபாக்சியைத் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே அதன்மேலேயே உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். புதிதாக வெளிப்படும் உலோகம் காற்றைப் பார்க்காமல் எபாக்சியை மட்டுமே பார்க்கும். பிறகு பொடி கலந்த எபாக்சியால் நிரப்புங்கள். ஏற்காட்டில் சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரிலும் மூடுபனியிலும் எபாக்சி இறுக நேரமாகும், மேலே ஈரம் படிந்து பிசுபிசுக்கும். வெயில் உள்ள நாளில் நண்பகலுக்கு முன் தொடங்குங்கள். சேலத்துக் கோடையில் எதிர்ப்பிரச்சினை: கிண்ணத்திலேயே சூடேறிக் கட்டியாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள்.

ஒட்டுத்தகடு துளையைவிட எல்லாப் பக்கமும் குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் அகலமாக, மூலைகள் உருண்டையாக இருக்க வேண்டும். அடியில் பாலியூரித்தேன் சீலன்ட். ரிவிட் முழு அலுமினியமாக, அடித்துப் பரப்பும் வகையாக இருந்தால் சிறப்பு. துப்பாக்கியால் அடிக்கும் சாதாரண ரிவிட்டின் நடுவில் உடைந்து நிற்கும் ஊசி பெரும்பாலும் இரும்பு. அது துருப்பிடித்து ரிவிட்டைச் சுற்றி அரிக்கும், தண்ணீரும் அந்தத் துளை வழியாகவே வரும். அடி மூடிய, ஊசியும் அலுமினியமான வகையைக் கேட்டு வாங்குங்கள். விரிசல் இருந்தால் அதன் இரு முனையிலும் சிறு துளையிட்டு நிறுத்தாமல் தகடு போடாதீர்கள். விரிசல் தகட்டைத் தாண்டி ஓடும்.

வெல்டிங் என்றால் ஆர்கான் வெல்டிங். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன்மேல் உள்ள ஆக்சைடுக்கோ 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால்தான் ஆக்சைடை எடுக்காமல் செய்த வெல்டிங் மேலே உருண்டையாக நிற்கும், உள்ளே ஒட்டியிருக்காது. அரித்த இடத்தில் ஈரமும் பொடியும் இருந்தால் வெல்டிங் நுரைத்துப்போகும். குழியை நல்ல உலோகம் தெரியும்வரை தோண்டி எடுத்த பிறகே வைக்க வேண்டும். படகுத் தகடுகளுக்குப் பெரும்பாலும் 5356 எண் வெல்டிங் கம்பி பொருந்தும். வெல்டிங் பட்ட இடம் கொஞ்சம் மென்மையாகிவிடும் என்பதால், ஊசித்துளைகள் நிறைந்த மெல்லிய தட்டைப் புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்வதைவிட அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைப்பதே நல்லது. பெட்ரோல் தொட்டியை இறக்கிவிடுங்கள். இருக்கைக்கு அடியில் உள்ள மிதப்பு நுரையையும் எடுங்கள்; சூடு பட்டால் நச்சுப்புகை வரும். எடுத்த நுரை தண்ணீரைக் குடித்திருந்தால் திரும்ப வைக்காதீர்கள்.

புதுத்தகடு எந்த வகை வாங்குவது?

5052 அல்லது 5083 எண் அலுமினியக் கலவை. இரண்டும் மெக்னீசியம் கலந்தவை, தண்ணீருக்கு நன்றாக நிற்பவை. சட்டங்களுக்கு 6061. பாத்திரத் தகடும் கூரைத் தகடும் அரிப்பைத் தாங்கினாலும் படகுக்குரிய வலிமை இல்லாதவை. 2024 போன்ற தாமிரம் கலந்த வலுவான வகை பழைய இரும்புக் கடைகளில் மலிவாகக் கிடைக்கலாம், வேண்டவே வேண்டாம். தரச்சான்று காட்டாத தகட்டைப் படகுக்கு வாங்காதீர்கள்.

பெயின்ட் அடித்தே ஆக வேண்டுமா?

நல்ல தண்ணீரில் ஓடும் படகுக்குக் கட்டாயமில்லை. பெயின்ட் இல்லாத அலுமினியப் படகு பல பத்தாண்டுகள் நிற்கும். அரைகுறையாக அடித்த பெயின்ட், கீறலின் அடியில் ஈரத்தைப் பிடித்துவைத்து, இல்லாத அரிப்பை உண்டாக்கும்.

அடிப்பதானால் ஒழுங்காக அடியுங்கள். எண்ணெய்ப்பசை போகக் கழுவி, தேய்த்து, சில மணி நேரத்துக்குள் அலுமினியத்துக்குரிய எட்ச் பிரைமரோ எபாக்சி பிரைமரோ அடித்துவிட வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் மறுபடி தேய்க்க வேண்டியதுதான். கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு இதில் நிற்காது. தாமிரம் கலந்த, பாசி பிடிக்காத கடல் பெயின்ட் அலுமினியத்தில் படவே கூடாது. பழைய படகின் அடியில் மஞ்சள் நிறப் பிரைமர் தெரிந்தால் அது குரோமேட்டாக இருக்கலாம். அதன் தூசி புற்றுநோய் தரக்கூடியது. முகமூடி அணிந்து, தண்ணீர் விட்டுத் தேயுங்கள்.

ஆனோடு மாட்டச் சொல்கிறார்கள். எங்கள் குளத்துக்குத் தேவையா?

கரையில் கவிழ்த்து வைத்து, வேண்டும்போது இறக்கும் சிறு படகுக்குத் தேவையில்லை. எப்போதும் தண்ணீரிலேயே நிற்கும் படகுக்கும், எஞ்சினுடன் கூடிய படகுக்கும் நல்லது. ஆனோடு என்பது படகுக்குப் பதிலாகத் தான் கரையும் உலோகக் கட்டி. நல்ல தண்ணீரில் அது மெக்னீசியமாக இருக்க வேண்டும். கடலுக்கான துத்தநாகக் கட்டி நல்ல தண்ணீரில் மேலே படலம் பூத்து வேலை செய்யாமல் நின்றுவிடும். சேலத்தைச் சுற்றியுள்ள வெள்ளைக் குன்றுகளில் வெட்டும் மேக்னசைட்டும் மெக்னீசியத்தின் கனிமம்தான். ஆனால் ஆனோடுக்கு வேண்டியது உலோகம், அந்தக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் பயனில்லை. ஆனோடு தண்ணீருக்கு அடியில் இருக்க வேண்டும், தட்டோடு உலோகத்துக்கு உலோகம் தொட வேண்டும், அதன்மேல் பெயின்ட் படக் கூடாது. பாதி கரைந்ததும் மாற்றுங்கள். கரையவே இல்லை என்றால் மகிழ வேண்டாம். அது இணைப்பு சரியில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம்.

விடுமுறைக்குப் படகைக் கடலுக்குக் கொண்டுபோகலாமா?

ஓரிரு நாளுக்குக் கொண்டுபோகலாம். மெக்னீசியம் ஆனோடைக் கழற்றிவிடுங்கள். உப்புநீரில் அது வேகமாகக் கரைந்து, அளவுக்கு மீறிய பாதுகாப்பால் தட்டின் அருகே காரத்தை உண்டாக்கிப் பெயின்ட்டை எழுப்பிவிடும். நீண்ட நாள் நிற்பதானால் கடலுக்குரிய அலுமினிய ஆனோடு மாட்டுங்கள். திரும்பியதும் உள்ளும் வெளியும், எஞ்சினின் குளிர்விப்புக் குழாயும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். டிரெய்லரையும் கழுவுங்கள், உப்பில் ஊறிய அதன் கம்பளம் படகை ஆண்டு முழுவதும் நனைத்துக்கொண்டிருக்கும். ஏற்காட்டுக்கு ஏற்றுவதானால் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் படகு டிரெய்லரில் உரசும். மேலே போனதும் ரிவிட் வரிசைகளை ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். ஆடும் ரிவிட்டைச் சுற்றிக் கறுப்புப் பொடி வந்திருக்கும்.

பழைய அலுமினியப் படகு ஒன்று மலிவாக வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

மிதிபலகையைக் கழற்ற அனுமதிக்காதவரிடம் வாங்காதீர்கள். கழற்றியதும் உள் அடியின் மிகத் தாழ்ந்த கோட்டையும், எஞ்சின் மாட்டும் பின்பலகையின் கீழ் மூலைகளையும் பாருங்கள். பின்பலகையின் உள்ளே மரம் வைத்திருப்பார்கள். சுத்தியல் பிடியால் தட்டினால் மொத்தென்று சத்தம் வந்தால் மரம் ஊறிப்போய்த் தகட்டை உள்ளிருந்து அரிக்கிறது. ஒயர்கள் எங்கே போகின்றன என்று பாருங்கள். எங்கே, எதோடு வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். உரக்கொட்டகை என்றால் இரட்டிப்பாகச் சோதியுங்கள். சில குழிகள், தளர்ந்த ரிவிட், மங்கிய நிறம் எல்லாம் சரிசெய்யக் கூடியவை, விலையில் பேசிக் குறைக்கலாம். அடித்தட்டில் புத்தம்புதுப் பெயின்ட் மட்டும் அடித்து மற்ற இடமெல்லாம் பழையதாக இருந்தால், ஒரு கைப்பிடி அளவு இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தப் படகு வேண்டாம்.